இருபத்தொரு பொட்டு

ஆயுத பூசையன்று ஷெட்டில் முதலாளி தெய்வசிகாமணி, பூசாரி, டிரைவர் ஆவுடையப்பன், காவலுக்கு நான், ஆக நாலு பேர். பழைய காருக்கு முதலாளியே இருபத்தொரு சந்தனப் பொட்டு வைத்தார். கடைசிப் பொட்டு கார்புரேட்டரில், வண்டியைக் கிளப்ப இழுக்கும் சோக் திரும்பும் அச்சின்மேல்! அது காய்ந்து சோக்கைப் பிடித்துக்கொண்டது. வண்டி கிளம்பவில்லை.

“ஊர்வலம் காத்திருக்கு! கிளப்பலைன்னா உனக்கு வேலை இல்லைடா. ஆனா நான் வச்ச பொட்டை எவனும் துடைக்கக் கூடாது!” என்றார் முதலாளி.

“துடைப்பேனா முதலாளி? பூசாரி ஐயா, சாமிக்குச் சந்தனம் ஆனதும் அடுத்து என்ன?” என்றான் ஆவுடையப்பன்.

“பன்னீர் அபிஷேகம்!”

உடனே பன்னீர்ச் செம்பை எடுத்து அச்சின்மேல் ஒழுகவிட்டான். சந்தனம் கரைந்தது. சோக்கை இழுத்தான், வழுக்கிக்கொண்டு வந்தது. வண்டி உறுமியது! முதலாளி வேறு வழியில்லாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எண்ணிப் பார்த்தேன். காரில் மீதம் இருபது பொட்டு.