தேர்ந்தெடுத்தவரே ஆட வேண்டும்

முன்னொரு காலத்தில் குலபூஷணன் என்றொரு ராஜா இருந்தார். விடிந்தால் அவருக்குப் புதிதாக ஓர் ஆசை வரும். ஒரு நாள், "எட்டுத் தேசத்து வீரர்களையும் அழைத்துப் பெரிய விளையாட்டு விழா நடத்த வேண்டும்" என்று சபையில் அறிவித்தார். என்னென்ன விளையாட்டு என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

விளையாட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அரண்மனை விகடகவி தொந்தியப்பனிடம் கொடுத்தார். தொந்தியப்பன் என்றால் ராஜாவுக்கு உயிர். அதனாலேயே மந்திரி அகோரத்துக்கும் தளபதி இரணசிங்கத்துக்கும் வயிறு எரியும்.

மந்திரி எழுந்தார். "மகாராஜா, விளையாட்டைத் தேர்ந்தெடுப்பவரே நம் நாட்டின் சார்பில் அதில் இறங்க வேண்டும். மறுப்பவர் நாட்டை விட்டே போக வேண்டும். இப்படி ஓர் ஆணை பிறப்பித்தருள வேண்டும்."

தொந்தியப்பன் மல்லுக்கு நிற்பதை நினைத்ததும் ராஜாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. யோசிக்காமல் முத்திரையைக் குத்திவிட்டார். நல்ல மனிதர்தான், பாவம். சிரிப்பு வந்தால் புத்தி வெளியே போய்விடும்.

தொந்தியப்பனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும் உடம்பு. ஆடினால் எலும்பு மிஞ்சாது. மறுத்தால் இந்த ராஜாவைப் பிரிய வேண்டும். இரண்டாவதுதான் அவனை அதிகம் வாட்டியது.

மறுநாள் ஓலையும் எழுத்தாணியுமாகச் சபைக்கு வந்தான். முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டான்.

"மகாராஜா, அடியேனுக்கு விளையாட்டில் ஒன்றும் தெரியாது. கோலிக்குண்டு போதுமா என்று பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும்."

"கோலியா! எட்டுத் தேசமும் காறித் துப்பும்!" என்று மந்திரி துள்ளினார். "மல்யுத்தம் சேர்!"

"சேர்க்கத்தான் வேண்டுமா, மந்திரியாரே?"

"கட்டாயம்! வழுக்குமரமும் சேர்!"

தளபதிக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "முதலை மடுவை நீந்திக் கடக்கும் போட்டி! அதுதான் வீரம்!" என்றார்.

தொந்தியப்பன் நடுங்குவதுபோல் நடித்துக்கொண்டே எல்லாவற்றையும் எழுதினான். இருவரிடமும் கையெழுத்து வாங்கி, ஓலையை ராஜாவிடம் நீட்டினான்.

"மகாராஜா, அடியேன் ஒன்றைக்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. மல்யுத்தமும் வழுக்குமரமும் மந்திரியார் தேர்ந்தெடுத்தவை. முதலை மடு தளபதியாருடையது. ஆணைப்படி அவர்களே இறங்குவார்கள்."

சபை கொல்லென்று சிரித்தது. மந்திரிக்கு வேர்த்துக் கொட்டியது. தளபதிக்கு நீச்சலே தெரியாது என்பது ஊரறிந்த விஷயம். இருவரும் தடாலென்று ராஜாவின் காலில் விழுந்தார்கள்.

"இட்ட ஆணையை எப்படியப்பா மாற்றுவது?" என்று ராஜா விழித்தார்.

"மாற்றவே வேண்டாம், மகாராஜா. நல்ல ஆணை அது. இந்த ஓலையில் தங்கள் முத்திரை இன்னும் விழவில்லை, கிழித்துவிடலாம். மல்லர்களையும் நீச்சல்காரர்களையும் ஓட்டக்காரர்களையும் கூப்பிடுங்கள். ஆடப் போகிறவர்களே தேர்ந்தெடுக்கட்டும்."

ராஜா ஓலையைக் கிழித்துப் போட்டார். பிறகு கூச்சத்தோடு கேட்டார்: "அப்படியானால் நானும் ஒன்று தேர்ந்தெடுக்கலாமா?"

"தாங்கள் ஆடவும் வேண்டுமே!"

"அதற்காகத்தானே கேட்கிறேன். உறியடி, தொந்தியப்பா. சின்ன வயதிலிருந்தே ஆசை. ராஜா வீட்டுப் பிள்ளை கண்ணைக் கட்டிக்கொண்டு தடுமாறுவதா என்று ஒருவரும் விட்டதில்லை."

தொந்தியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

விழா நாளில் எட்டுத் தேசமும் பார்க்க ராஜா கம்பைச் சுழற்றினார். ஓர் அடிகூட உறியின் பக்கம் போகவில்லை. கயிற்றைப் பிடித்திருந்த தொந்தியப்பன் மனமிரங்கி, பானையைக் கம்புக்கு நேரே இறக்கினான். பானை உடைந்து மஞ்சள் தண்ணீர் தலைவழியே கொட்ட, ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கண்கட்டை அவிழ்க்கக்கூடப் பொறுமை இல்லை. முத்துமாலையைக் கழற்றிக்கொண்டு, பானையை இறக்கியவனைத் தேடிப் பக்கத்தில் நின்றவர்களைத் தடவித் தடவிப் போனார். பெரிய தொந்தி ஒன்று கையில் தட்டுப்பட்டதும், "இவன்தான்!" என்று அந்தக் கழுத்தில் போட்டார்.