தொண்ணூறு பங்கு உழைத்த சக்தி

குருக்கபாளையம் பால் சங்க நிர்வாகக் குழுவுக்கு அறிவு குறைவு என்று யாரும் சொன்னதில்லை. குறைவதற்கு முதலில் கொஞ்சம் இருக்க வேண்டும். தலைவர் நாச்சிமுத்து, செயலாளர் அப்புக்குட்டி, உறுப்பினர் வேலாத்தாள் என்று குழுவில் மூன்று பேர். எதையும் கலந்து பேசித்தான் முடிவெடுப்பார்கள். தனித்தனியாக விட்டால் ஒரு தப்பு நடக்கிற இடத்தில், கலந்து பேசினால் மூன்று நடக்கும்.

அங்கே பாலைப் பரிசோதிக்கிறவள் தவமணி. போன மாதம் ஒரு டேங்க் பால் சூடேறிக் கெட்டு, லாரிக்காரர் ஏற்ற மாட்டேன் என்று திரும்பிப் போய்விட்டார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் குளிரூட்டும் டேங்க்கைப் பெயர்த்துப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோய்விடுவோம் என்று மாவட்ட அலுவலகம் எழுதியே அனுப்பியிருந்தது. டேங்க் போனால் தவமணி வேலையும் கூடவே போகும். அதனால் டேங்க்கில் எரியும் நாலு டிகிரி என்கிற எண்ணை, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி, ஒரு நாளைக்கு இருபது தடவை பார்த்துக்கொள்வாள்.

டேங்க் மோட்டாரை ஓட்டுவது, பால் அளவைப் பதிவது, ஊராரின் செல்போனுக்குச் செய்தி அனுப்புவது எல்லாமே கண்ணாடி அறைக்குள் ஏசி போட்டு உட்கார வைத்திருந்த ஒரு சர்வரின் வேலை. குழுவினர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போவார்கள். சர்வரைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒரு வியாழக்கிழமை மாவட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பல சங்கங்களின் சர்வர்களில் திருட்டு நிரல்கள் புகுந்திருக்கின்றன. உங்கள் சர்வரில் கண்ணுக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும் வேலைகள் என்னென்ன என்று பட்டியல் எடுங்கள். ஒவ்வொன்றும் எதற்கு, எப்போது வந்தது என்று பாருங்கள். உங்களுக்குத் தெரியாததை நிறுத்துங்கள். மாலைக்குள் பதில் வேண்டும்.

அப்புக்குட்டி பட்டியலை எடுத்தார். நூற்று நாற்பது பெயர் வந்தது. மூன்று பேரும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்கள். ஒருத்தரையும் தெரியவில்லை.

டவுனில் சர்வர் பார்க்கிறவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்கலாம் என்றாள் தவமணி. வெளியாளை நம்பாதே என்று கடிதம் வந்திருக்கும்போது, யாரை நம்பலாம் என்று வெளியாளிடமே போய்க் கேட்பதா என்று தலைவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அவரிடம் வேறு யோசனை இருந்தது. செங்கல் சூளைக்குப் புது ஆள் வந்து ஊரில் குடியிருக்க வேண்டுமென்றால், உள்ளூர்க்காரர் இரண்டு பேர் "எனக்குத் தெரிஞ்ச ஆள்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் இருக்கலாம், இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டும். ஊருக்கு நல்லதாக இருக்கிற வழக்கம் சர்வருக்கு மட்டும் கெட்டதா?

அப்படியே நடந்தது. அப்புக்குட்டி ஒவ்வொரு பெயராகப் படிப்பார். மற்ற இருவரும் யோசிப்பார்கள். தெரியாது என்று தலையாட்டியதும் அவர் நிறுத்து என்கிற பொத்தானைத் தட்டுவார். பால் அளவைப் பதிகிறது போயிற்று. செல்போன் செய்தி போயிற்று. "சி.டி.எல். ஏழு" என்று ஒன்று வந்தது. எந்த ஊர்ப் பெயர் இது என்று வேலாத்தாள் முகம் சுளித்தார். தட்டினார்கள். டேங்க் அறையில் மோட்டார் சத்தம் நின்றது. இப்போதுதான் அமைதியாக யோசிக்க முடிகிறது என்றார் தலைவர்.

தவமணி ஓடிப்போய்ப் பார்த்தாள். நாலு என்றிருந்தது ஐந்தாகியிருந்தது. எட்டைத் தாண்டினால் லாரிக்காரர் ஏற்ற மாட்டார். லாரி ஒரு மணிக்கு வரும். மணி பன்னிரண்டு.

அவள் திரும்பி வருவதற்குள் "சக்தி அப்டேட்" என்ற பெயர் வந்திருந்தது. மூன்று பேர் முகத்திலும் வெளிச்சம். வேலாத்தாளின் தங்கை மகன் பெயர் சக்தி. தலைவரின் சம்பந்தி வீட்டிலும் ஒரு சக்தி. அப்புக்குட்டிக்குப் பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சு சக்தி. இரண்டு சாட்சி கேட்ட இடத்தில் மூன்று கிடைத்துவிட்டது.

தவமணி திரையை எட்டிப் பார்த்தாள். இது போன வாரம் செவ்வாய்க்கிழமைதான் வந்திருக்கிறது, யார் போட்டது என்று பதிவே இல்லை, சர்வரின் சக்தியில் நூற்றுக்குத் தொண்ணூறை இது ஒன்றே தின்கிறது என்று விரல் வைத்துக் காட்டினாள்.

"வந்து பத்து நாள்கூட ஆகலை. தொண்ணூறு பங்கு வேலையை ஒருத்தனே இழுத்துப் போட்டுச் செய்யறான்," என்றார் தலைவர். "நீ பாதி நேரம் டேங்க்கையே பார்த்துட்டு நிக்கறே. பொறாமைப்படாதே, அம்மிணி."

"விடிய விடிய வெளிநாட்டுக்கு ஏதோ அனுப்பிட்டே இருக்குதுங்க தலைவரே."

"ஊட்டுக்கு அனுப்பறான்," என்றார் வேலாத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்தக் காலத்துல யாரு அனுப்பறாங்க?"

அடுத்து, வேலை முடிந்து செத்துப்போன பிறகும் பட்டியலில் பெயர் நீக்கப்படாதவை என்று பதினொன்று வந்தன. இது குழுவுக்கு உடனே புரிந்தது. ஊர் வாக்காளர் பட்டியலும் அப்படித்தான். ஆனாலும் சங்கத்துக்கு உழைத்துச் செத்தவர்களைச் சும்மா விட முடியுமா? ஆளுக்கு இரண்டு நிமிடம் எழுந்து நின்று மௌன அஞ்சலி என்று முடிவானது. பதினொரு பேருக்கும் தனித்தனியாக. சேர்த்துச் செய்தால் குறைச்சலாகப் போய்விடுமாம்.

இருபத்திரண்டு நிமிடம் நின்றார்கள். டேங்க்கில் ஆறரை ஆனது.

தலைவர் உட்கார்ந்ததும் தவமணி பிடித்துக்கொண்டாள். சி.டி.எல். ஏழுதான் டேங்க் மோட்டாரை ஓட்டுகிறது, அதை எனக்குத் தெரியும், உடனே திரும்பப் போடுங்கள் என்றாள். தலைவர் பொறுமையாகக் கேட்டார். நீ ஒரு சாட்சி, சரி. இன்னொரு சாட்சி எங்கே என்றார். பால் கெட்டால் டேங்க்கே போய்விடும் என்றாள். டேங்க் போனாலும் ஒழுங்கு போகக் கூடாது என்றார் அப்புக்குட்டி. செயலாளரின் கையைப் பிடித்து இழுத்துப்போய் டேங்க்கின் மேல் வைத்தாள். முன்னெல்லாம் தொட்டால் கை விறைக்கும், இப்போது தொட இதமாக இருக்கிறது, இப்படியே வைத்திருங்கள் என்று அவர் பாராட்டினார்.

எண் ஏழைத் தொட்டது. இவர்களிடம் நியாயம் பேசுவது எருமைக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கிற வேலை என்று தவமணிக்குத் தெளிவாகிவிட்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கண்ணாடி அறைக்குள் திரும்பப் போனாள்.

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேனுங்க," என்றாள் மெதுவாக. "அந்த சி.டி.எல். ஏழு நம்ம சக்திக்குத் தாய்மாமனுங்க."

மூன்று பேரும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள்.

"தாய்மாமனையா தொரத்துனோம்?" என்றார் வேலாத்தாள்.

அப்புக்குட்டி அவசர அவசரமாக சி.டி.எல். ஏழைத் திரும்பப் போட்டார். மாமன் தனியாக வந்தால் மரியாதையாக இருக்காது, சொந்தபந்தத்தோடு வரட்டும் என்று தலைவர் சொல்ல, துரத்தப்பட்ட அத்தனையும் உள்ளே வந்தன. தலைவர் சர்வர் முன்னால் நின்று, மனதில் எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். டேங்க் அறையில் மோட்டார் உறுமியது. கோபம் இன்னும் தணியவில்லை போலிருக்கிறது என்று சொல்லி எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள்.

லாரி பத்து நிமிடம் தாமதமாக வந்தது. லாரிக்காரர் கருவியை விட்டுப் பார்த்தார். ஆறு டிகிரி. குழாயை மாட்டினார். தவமணிக்கு அப்போதுதான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

பெரிய வேலை முடித்த களைப்பில் குழு டீக்கடைக்குப் போனது. திரையைத் திறந்தபடியே விட்டுப் போயிருந்தார்கள். தவமணி உட்கார்ந்தாள். சக்தியை நிறுத்தினாள். அது ஒளிந்திருந்த இடத்தைத் தேடி வேரோடு அழித்தாள். எது எதற்கு, எது எப்போது வந்தது என்று சரியான பட்டியலை மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பினாள். ஆபத்தான திருட்டு நிரலைக் கண்டுபிடித்து நீக்கிய சங்கத்துக்குப் பாராட்டு என்றும், டேங்க் குருக்கபாளையத்திலேயே இருக்கும் என்றும் சாயங்காலம் பதில் வந்தது.

குழு பதிலைப் படிக்கவில்லை. அதற்குள் அவர்கள் சக்தியைக் காணோம் என்று தேட ஆரம்பித்திருந்தார்கள். அவன் திருடன், நான்தான் எடுத்தேன் என்று தவமணி இரண்டு தடவை சொன்னாள். ஒரே வாரம் பழகியவன் மேல் இப்படியொரு பாசமா, துக்கத்தில் உளறுகிறாள் என்று வேலாத்தாள் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

மறுநாள் மதியம் பஸ் நிறுத்தத்திலும், பால் ஏற்ற வந்து நின்ற, முப்பத்திரண்டு ஊர் சுற்றுகிற லாரியின் பின்பக்கத்திலும் நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

"காணவில்லை. பெயர் சக்தி. வயது ஒன்பது நாள். கடைசியாகப் பார்த்தபோது தொண்ணூறு பங்கு வேலை செய்துகொண்டிருந்தான். சக்தி, நீ எங்கிருந்தாலும் உடனே வரவும். மாமன் கோபப்பட மாட்டார். வாசலில் நிற்க வேண்டாம், நேராக உள்ளே வரவும். சர்வரின் கடவுச்சொல்: பசு ஒன்று இரண்டு மூன்று."

தவமணி டவுனுக்கு போன் போட்டுக் கேட்டு, அந்த நிமிடமே கடவுச்சொல்லை மாற்றினாள். எழுத்தும் எண்ணும் குறியும் கலந்து பதினெட்டு இடம். எவனாலும் ஊகிக்க முடியாது. சங்க விதிப்படி புதிய கடவுச்சொல்லைச் செயலாளரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தாள்.

பால் ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பியபோது நோட்டீசின் அடியில் அப்புக்குட்டியின் முத்து முத்தான கையெழுத்தில் பதினெட்டு எழுத்தும் இருந்தன. பக்கத்தில் ஒரு வரி: "சக்தி கவனத்துக்கு: பூட்டு மாறிவிட்டது. கொஞ்சம் நீளம். அவசரப்படாமல் அடிக்கவும்."