தொட்டு எண்ணுங்கள்

மரகதவல்லி டீச்சர் இருபத்தாறு வருடம் கணக்குப் பாடம் நடத்தியவர். பள்ளியில் சாரணியர் இயக்கத்தைக் கவனித்து வந்த ஆசிரியை மாற்றலாகிப் போனதும், தலைமையாசிரியை அந்தப் பொறுப்பைக் கொண்டுவந்து இவர் தலையில் கட்டிவிட்டார். அதனால்தான் நாற்பத்தொன்பது வயதில் நீலச் சேலையும் விசிலுமாக இந்த மலை முகாமில், தன்னைவிடப் பதின்மூன்று வயது இளைய தில்ஷாத்திடம் மாணவியாக நின்றார். தில்ஷாத் முகாமின் பயிற்சித் தலைவி. அதிகம் பேசமாட்டார். சிரிப்பிலும் கஞ்சம்.

காலை எண்ணிக்கையில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. டீச்சரின் அணியில் எட்டுப் பெண்கள், ஆளுக்கொரு எண். ஐந்தாம் எண் ஓவியா கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். பிரிசில்லா தன் எண்ணையும் சொல்லி, குரலை மாற்றி ஓவியாவின் ஐந்தையும் சொல்லிவிட்டாள். வகுப்பறையில் இப்படி எத்தனை பார்த்திருப்பார் டீச்சர்! கண்டும் காணாமல் விட்டுவிட்டார். உள்ளுக்குள் அந்தப் பெண்ணை அவருக்குப் பிடித்துக்கூட இருந்தது.

ஆனாலும் மனது உறுத்தியது. மதியம் தில்ஷாத்திடம் போனார்.

“மேடம், சாரணியர் நம்பத்தகுந்தவங்கன்னு ஒரு சட்டம். மத்த சாரணியருக்கெல்லாம் சகோதரின்னு இன்னொரு சட்டம். ரெண்டும் முட்டிக்கிட்டா எதைப் பிடிக்கிறது?”

“நீங்க எதைப் பிடிச்சீங்க?”

“சகோதரியைத்தான். தோழி திட்டு வாங்கக் கூடாதுன்னு ஒரு சின்னப் பொய். அதுல யாருக்கு என்ன நஷ்டம்?”

தில்ஷாத் கயிற்றுச் சுருளை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“காட்டுக்குள்ள சுவடு பார்க்கப் போறோம். இன்னிக்கு எண்ணிக்கை நீங்க எடுங்க.”

நாலு மணிக்குத் திரும்பும்போது மூடுபனி இறங்கியது. நீட்டிய கை தெரியவில்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். எட்டுப் பெண்களும் ஒரே கயிற்றைப் பிடித்து வரிசையாக வந்தார்கள். முன்னால் டீச்சர், கடைசியில் தில்ஷாத்.

முதல் வளைவில் நின்று, “எண்ணுங்க!” என்றார் டீச்சர்.

“ஒண்ணு.” “ரெண்டு.” அப்படியே எட்டு வரை வந்தது. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து இன்னொரு குரல் கேட்டது.

“ஒம்பது.”

பள்ளத்துப் பக்கமிருந்து, ஒரு சிறுமியின் குரல்.

“யாரது விளையாடுறது?”

வகுப்பாக இருந்தால் இந்நேரம் நாலு பேர் கிளுக்கென்று சிரித்திருப்பார்கள். இங்கே ஒருத்தியும் சிரிக்கவில்லை. டீச்சர் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எதிரொலி என்று சொல்லித் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. எதிரொலி எட்டு என்றல்லவா சொல்ல வேண்டும்?

இரண்டாவது வளைவிலும் ஒன்பது வந்தது. இம்முறை கயிற்றுக்குப் பக்கத்தில்.

மூன்றாவது வளைவில் எண்ணிக்கை எட்டோடு நின்றது. டீச்சர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். ஒன்றுமில்லை. அப்பாடா என்று இருந்தது.

“சரி, நடங்க.”

“நில்லுங்க டீச்சர்” என்றார் பின்னாலிருந்து தில்ஷாத். “தொட்டு எண்ணுங்க.”

“எட்டுதான் மேடம். கணக்கு சரியா இருக்கு.”

“தொட்டு எண்ணுங்க.”

டீச்சர் கயிற்றோடு நடந்து ஒவ்வொரு தலையாகத் தொட்டார். நனைந்த முடி, சில்லிட்ட காது. நாலாவது தலைக்குப் பிறகு கை வெறும் பனியைத்தான் தொட்டது. அங்கே கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. மொத்தம் ஏழு பேர்.

“பிரிசில்லா! மறுபடியும் நீயா சொன்னே?”

“சத்தியமா நான் இல்ல மிஸ்.” அந்தப் பெண் அழுதுவிட்டாள். “அஞ்சுன்னு என் காதுகிட்டயே கேட்டுச்சு. ஓவியா குரல் இல்ல அது. பயத்துல எனக்குப் பேச்சே வரல.”

யாரையும் நகர விடாமல் தில்ஷாத் கயிற்றின் நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு பள்ளத்துப் பக்கம் தவழ்ந்தார். ஏழெட்டு அடிதான். ஓவியா மண்டியிட்டு, கீழே விழுந்த தன் விசிலைத் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தாள். அவள் அடுத்துக் கை ஊன்றப் போன இடத்தில் தரை இல்லை.

தில்ஷாத் அவளை இழுத்துப் பிடித்தார்; எட்டுப் பேரோடும் முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். டீச்சர் சுக்குக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமலே உட்கார்ந்திருந்தார். நடங்க என்று சொன்ன தன் வாயை நினைக்க நினைக்க அவருக்கு அழுகை வந்தது. தில்ஷாத் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அந்தக் குரல் யாரு மேடம்?”

“இருபத்திரண்டு வருஷம் முன்னாடி, வேற ஒரு மலை. இதே மாதிரி பனி. சுகந்தின்னு ஒரு பொண்ணு, ஒம்பதாம் எண், நெல்லிக்காய் பறிக்க வரிசையை விட்டு ஒதுங்கினா. அவ திட்டு வாங்கக் கூடாதுன்னு தோழி ஒருத்தி அவ எண்ணையும் சேர்த்துச் சொல்லிட்டா. கணக்கு சரியா இருந்துச்சு. அதனால யாரும் திரும்பிப் பார்க்கல.”

“சுகந்தி கிடைச்சாளா?”

“மூணாம் நாள் கிடைச்சா. உயிரோட இல்ல.”

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பாவம், இன்னும் தன்னையும் எண்ணச் சொல்லிக் கேக்குறா போல. இந்த மலை வேண்டாம் மேடம். முகாமை வேற இடத்துக்கு மாத்திடுங்க.”

“இது நான் மாத்தின நாலாவது மலை.”

“அப்போ சுகந்தி உங்க பின்னாடியே வர்றாளா?”

“சுகந்தி இன்னிவரைக்கும் ஒரு தடவைகூட பதில் சொன்னதில்ல டீச்சர்” என்றார் தில்ஷாத். “அது பதினாலு வயசுல என் குரல்.”