கன்னம் நிறையக் கடலை

குளத்தங்கரை அத்திமரத்தில் ஒரு குரங்குத் தம்பதி குடியிருந்தது. கணவன் பெயர் அத்தியன். மனைவி பெயர் இலுப்பி. இரண்டும் நல்ல குரங்குகள்தான். ஆனால் அத்தியனுக்குக் கை கொஞ்சம் இறுக்கம். தலைக்கு மேலே பழுத்த பழம் தொங்கும்போதும், கீழே விழுந்து நசுங்கிய பழத்தைத்தான் முதலில் தின்பான். "நல்லது நாளைக்கு இருக்கட்டும்" என்பான். நாளைக்குப் பார்த்தால் அதைக் கிளி கொத்திவிட்டுப் போயிருக்கும்.

ஒரு குளிர்காலத்தில் அந்தக் குளத்தில் ஒரு வரித்தலை வாத்து வந்து இறங்கியது. பனிமலைக்கு மேலே பறந்து, பல நாடு பார்த்த வாத்து அது. வெயில் காய்ந்துகொண்டே ஊர்க்கதை சொன்னது.

"கிழக்கே பர்மாவைத் தாண்டி, சீனாவையும் தாண்டி, கடலுக்கு அந்தப் பக்கம் போனா ஒரு மலை இருக்கு. அங்க ஒரு வெந்நீர் ஊத்து. சுத்தியும் பனி கொட்டும். உங்க சொந்தக்காரக் குரங்குங்க கழுத்து வரைக்கும் வெந்நீர்ல உக்காந்துக்கிட்டு, தலையில பனி விழ விழப் பேசிட்டிருக்கும்."

இலுப்பி அன்று முழுக்க வேறு எதையும் நினைக்கவில்லை. சாயங்காலம் கணவனுக்குப் பேன் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, ஒரே ஒரு தடவை அந்த ஊத்துல நாம ரெண்டு பேரும் போய் உக்காரணும். நான் இதுவரைக்கும் உங்ககிட்ட எதுவும் கேட்டதில்ல."

அது உண்மைதான். அத்தியனுக்கு மனைவி மேல் உயிர். அவள் கேட்டதை மறுக்க மனம் வரவில்லை. ஆனால் வாயில் முதலில் வந்தது வேறு. வாத்திடம் போய், "அவ்வளவு தூரம் போனா செலவு எவ்வளவு பிடிக்கும் வாத்தண்ணே?" என்று கேட்டான்.

வாத்து சிரித்தது. "என்ன செலவு? வழியில இருக்கிற எல்லாக் காட்டுலயும் ஒரே பழக்கம்தான். எல்லையில நின்னு உங்க ஊர்க் கதை ஒண்ணு சொல்லணும். சொன்னா தங்க இடமும் சாப்பாடும் அவங்க பொறுப்பு. எல்லாரும் வட்டமா உக்காந்து, அவங்கவங்க கையில இருக்கிறதை நடுவுல வெச்சு, சேர்ந்து சாப்பிடுவாங்க."

மற்றவர்களாக இருந்தால் 'கதை ஒன்று போதுமாமே' என்று துள்ளிக் குதித்திருப்பார்கள். அத்தியன் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று. கையில் இருக்கிறதை நடுவில் வைக்க வேண்டும்.

மறுநாள் அவன் பக்கத்துக் கடலைக்காட்டுக்குப் போனான். காய்ந்த கடலையாகப் பொறுக்கி, தோலை உடைத்து, பருப்பை மட்டும் குவித்தான். குரங்குக்குக் கன்னத்தில் பை இருக்கிறது அல்லவா? அந்தப் பைகளில் பருப்பைத் திணித்தான். இலுப்பியின் கன்னத்திலும் திணித்தான்.

"இது அவசரத்துக்கு. நம்மகிட்ட இருக்குன்னே யாருக்கும் தெரியக் கூடாது. வழியில இலை தழையைத் தின்னு சமாளிச்சுக்கலாம். என்ன ஆனாலும் இதுல கை வைக்கக் கூடாது" என்றான். இதைச் சொல்லி முடித்துவிட்டுக் கடைசிப் பிடியைத் தன் வாயில் போட்டுக்கொண்டான். அதோடு அவனுக்குப் பேச்சு நின்றது.

இரண்டு கன்னமும் புடைக்க, இரண்டு குரங்கும் கிளம்பின.

முதல் இரண்டு நாள் இலுப்பி கடலையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு ஏதாவது பேசப் பார்த்தாள். "அங்க பாருங்க, அந்த ஆத்துல எவ்வளவு தாமரை" என்பாள். அத்தியன் பதறி, அவள் கையையும் வாயையும் சுட்டிக்காட்டுவான். கண்ணில் பட்டால் பசிக்கும், பசித்தால் தின்பாள், தின்றால் குறையும். அவன் கணக்கு அப்படி. அவளும் பிறகு எடுப்பதை விட்டுவிட்டாள். தோளைத் தட்டினால் நில், வாலை இழுத்தால் வா. கல்யாணம் ஆன நாளிலிருந்து வாய் ஓயாமல் பேசிய தம்பதி, அப்படியே மலையும் ஆறுமாகக் கடந்து போனது.

முதல் காட்டின் எல்லையில் ஒரு முள்ளம்பன்றி உட்கார்ந்திருந்தது.

"வாங்க, வாங்க. தெற்கே இருந்தா? உக்காந்து ஒரு கதை சொல்லுங்க. உள்ள பலாப்பழம் வெட்டிட்டிருக்காங்க."

பலாப்பழ வாசனை அங்கேயே மூக்கைத் துளைத்தது. கதை சொல்ல வேண்டும் என்றால் கடலையை வெளியே எடுக்க வேண்டும். எடுத்தால் நடுவில் வைக்க வேண்டும். அத்தியன் ஒரு நொடி யோசித்தான். பிறகு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "ம்ம்ம்" என்று முனகினான்.

முள்ளம்பன்றிக்கு மனம் இளகிவிட்டது. "அடடா, பல்வலியா? இந்த அம்மாவுக்குமா? கன்னம் எப்படி வீங்கியிருக்கு பாரு! கதையெல்லாம் வேண்டாம். முதல்ல உள்ள வாங்க."

கதை சொல்லாமலே உள்ளே போயாயிற்று. அத்தியன் மனைவியைப் பெருமையாகப் பார்த்தான். பெருமை ரொம்ப நேரம் நிற்கவில்லை. பல்வலிக்காரர்களுக்குப் பலாப்பழம் ஆகாது என்று ஒரு கரடி சொல்லிவிட்டது. தேனும் ஆகாது என்று இன்னொரு கரடி சொன்னது. இருவர் கன்னத்திலும் வேப்பிலையை அரைத்துப் பற்றுப் போட்டார்கள். கசப்பு நாக்கு வரை இறங்கியது. நரியும் மானும் கரடியும் வட்டமாக உட்கார்ந்து சுளை சுளையாக விழுங்க, இவர்கள் பற்றுப் போட்ட முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கே யாரோ ஒரு வேடிக்கைக் கதை சொன்னார்கள். காடே சிரித்தது. இலுப்பிக்கும் சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரித்தால் கடலை சிதறும். அவள் சிரிப்பை அடக்கினாள். அடக்கியதில் கண்ணில் நீர் வந்தது. "பாவம், வலி தாங்கல போல" என்று ஒரு மான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தது.

செய்தி இவர்களுக்கு முன்னால் பறந்தது. அடுத்த காட்டின் எல்லையிலேயே ஓர் இருவாச்சிப் பறவை கசப்புக் கஷாயத்தோடு காத்திருந்தது. "பல்வலித் தம்பதி நீங்கதானே? குடிங்க" என்றது. அதற்கடுத்த காட்டில் கஷாயம் இன்னும் கசந்தது. அத்தியனுக்கே பொறுக்கவில்லை. இனிமேல் காட்டுப் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்து, மனைவியின் வாலை இழுத்தான். முள்ளும் பாறையுமான ஆற்றோரமாகவே இருவரும் போனார்கள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் போன அந்த வழியில் இலுப்பி இளைத்துவிட்டாள். கன்னம் மட்டும் அப்படியே இருந்தது.

பர்மாவில் ஓர் அகலமான ஆறு குறுக்கிட்டது. காட்டு வழியாக வந்திருந்தால் யானைகள் முதுகில் ஏற்றி அக்கரை விட்டிருக்கும். இவர்கள் மிதந்து வந்த ஒரு தேக்குக் கட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். எப்படியோ கரையை நெருங்கிவிட்டார்கள். அத்தியன் தாவிக் கரையேறினான். இலுப்பி தாவுவதற்குள் கட்டை உருண்டது. அவள் தண்ணீரில் விழுந்தாள். ஆற்றின் இழுப்பு அவளைக் கொண்டுபோனது.

சற்றுத் தள்ளி, கரையில் நீர்நாய்க் கூட்டம் ஒன்று முதுகைக் காட்டிக்கொண்டு மீன் தின்றுகொண்டிருந்தது. ஒரு குரல் கொடுத்தால் போதும். அத்தியன் வாயைத் திறந்தான். "ம்ம்ம்" என்றுதான் வந்தது.

அப்போது அவன் என்ன செய்தான் தெரியுமா? சொல்லவே வருத்தமாக இருக்கிறது. கடலையைத் துப்பவில்லை. விரலை வாய்க்குள் விட்டு ஒவ்வொன்றாக எடுத்து, கீழே ஓர் இலையில் வைத்தான். ஆற்றில் மனைவி போய்க்கொண்டிருந்தாள். அவன் இன்னொரு கடலையை எடுத்தான்.

"ஏங்க!"

இலுப்பி தன் வாயில் இருந்ததை எல்லாம் தண்ணீரில் உமிழ்ந்துவிட்டு அவனைக் கூப்பிட்டாள். அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு காலம் ஆகிவிட்டது என்று அத்தியனுக்கு அப்போதுதான் உறைத்தது. அது நின்றுபோனால் பிறகு கேட்கவே முடியாது என்பதும் உறைத்தது. வாயில் இருந்த அத்தனையையும் துப்பினான். இலையை மிதித்துக்கொண்டு ஓடினான்.

"ஐயோ, என் இலுப்பி போறா! யாராவது பிடிங்க! பிடிங்க!"

நீர்நாய்கள் திரும்பிப் பார்த்தன. மீனைப் போட்டுவிட்டு ஆற்றில் பாய்ந்தன. வளைவைத் தாண்டுவதற்குள் அவளைச் சூழ்ந்துகொண்டு, முதுகால் தாங்கித் தாங்கி, கரை சேர்த்தன.

இலுப்பி நனைந்த மணலில் உட்கார்ந்து இருமினாள். அத்தியன் அவள் முதுகைத் தடவினான். "ஒண்ணும் ஆகலையே? ஒண்ணும் ஆகலையே?" என்று அதையே கேட்டான். அவள் பதில் சொல்லவில்லை. இப்போது வாயில் கடலை இல்லை. ஆனாலும் பேசவில்லை.

வெகு நேரம் கழித்து, "நீங்க ஒண்ணொண்ணா எடுத்து வெச்சதை நான் பாத்தேன்" என்றாள்.

அத்தியனுக்குத் தலை குனிந்துவிட்டது. "என்னை மன்னிச்சிடு" என்று மட்டும் சொன்னான். சமாதானம் எதுவும் சொல்லாமல் இருந்தானே, அந்த அளவுக்கு அவனுக்குப் புத்தி வந்திருந்தது.

நீர்நாய்களின் தலைவி மீனைக் கொண்டுவந்து நடுவில் வைத்தது. குரங்குகளுக்கு மீன் பிடிக்காது என்று தெரிந்ததும் கரையோரத்து வாழைத்தாரை இழுத்துவரச் சொன்னது. "எங்க பழக்கம் தெரியுமில்ல? உங்க ஊர்க் கதை ஒண்ணு சொல்லணும்" என்றது.

இலுப்பி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அத்தியன் தொண்டையைச் செருமிக்கொண்டு, தட்டுத் தடுமாறி ஆரம்பித்தான்.

"எங்க ஊர்ல ஒரு குளம் இருக்கு. இவளை நான் முதல்ல பாத்தது அங்கதான். புளியமரத்துக் கிளையில உக்காந்து, பழம் தின்னுட்டுக் கொட்டையை ஆமை முதுகுல துப்பிட்டிருந்தா. நல்ல மழைக்காலம்."

"மழைக்காலத்துல ஏது புளியம்பழம்? அது நாவல் மரம்" என்று இலுப்பி திரும்பாமலே சொன்னாள்.

"நாவல் மரம்தான். ஆமை கோவிச்சுக்கிட்டு என்னைத் திட்டுச்சு. நான்தான் துப்பினேன்னு நினைச்சிட்டுது."

"திட்டு வாங்கிட்டு நீங்க என்னைக் காட்டிக் குடுக்கவே இல்ல" என்றாள் இலுப்பி. அதற்கு மேல் அவளால் திரும்பாமல் இருக்க முடியவில்லை. மீதிக் கதையை அவளே சொன்னாள். அவன் நடுவில் நடுவில் புகுந்து திருத்தினான். அவள் அவனைத் திருத்தினாள். நீர்நாய்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. இலுப்பியும் வாய்விட்டுச் சிரித்தாள். அத்தியன் அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டு வாழைப்பழத்தைத் தோலோடு தின்றுவிட்டான்.

அதன் பிறகு அவர்கள் ஒரு காட்டையும் விடவில்லை. தேக்குக் காட்டில் யானைகளிடம் கதை சொல்லி, யானைச் சவாரி செய்தார்கள். மூங்கில் காட்டில் பாண்டாக்கரடியிடம் சொல்லி, அதன் வயிற்றில் சாய்ந்து தூங்கினார்கள். கடற்கரையில் ஆமைகளிடம் சொல்லி, அவற்றின் முதுகில் ஏறிக் கடல் தாண்டினார்கள். கையில் ஒன்றும் இல்லை. வழியில் ஒரு வேளையும் பட்டினி இல்லை. சண்டை மட்டும் தினமும் இருந்தது, எந்தக் கதையை யார் சொல்வது என்று.

பனிக்காலத்தில் மலையை அடைந்தார்கள். வாத்து சொன்னது அத்தனையும் நிஜம். ஊற்றிலிருந்து ஆவி எழுந்தது. சிவந்த முகக் குரங்குகள் நகர்ந்து இடம் விட்டன. இலுப்பி மெல்லக் காலை வைத்தாள். கழுத்து வரை இறங்கினாள். தலையில் பனி விழுந்தது. அத்தியன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "போதுங்க, இது போதும்" என்றாள்.

ஊற்றுக் குரங்குகள் சூழ்ந்துகொண்டன. "அம்மாடி, அவ்வளவு தூரத்துல இருந்தா வர்றீங்க? வழியில என்னென்ன பாத்தீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

இலுப்பி பாண்டாவைச் சொன்னாள். அத்தியன் யானைகளைச் சொன்னான். நீர்நாய்களை இருவருமாகச் சொன்னார்கள்.

"அதுக்கு முன்னாடி? பாதி நாட்டைத் தாண்டி வந்திருக்கீங்களே, அங்கெல்லாம் என்ன பாத்தீங்க?" என்று ஒரு குட்டிக் குரங்கு கேட்டது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எவ்வளவு யோசித்தும் வேப்பிலைக் கசப்பைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை.

"அது வரைக்கும் எங்க வாயில கடலை இருந்துச்சும்மா" என்றான் அத்தியன்.

வாழ்வதற்காகத்தான் சிக்கனம்; சிக்கனத்துக்காகவே வாழ்பவர் உலகத்தையே சுற்றி வந்தாலும் எதையும் காண்பதில்லை.