காற்று கொண்டுபோன சீர்

அந்தக் காலத்தில் காற்றுக்கும் மீனுக்கும் பேச்சுவார்த்தை இருந்தது, உறவும் இருந்தது. உலகத்தின் தென்கோடியில், பனி மிதக்கும் கடலில் வாழ்ந்த வெள்ளையம்மாள் என்ற மீன் காற்றுக்குத் தங்கை முறை. அவள் முதல் சினையாக இருக்கிறாள் என்று சேதி வந்ததும் காற்று சீர் கொண்டுபோகக் கிளம்பினான். தங்கை வீட்டுக்கு வெறுங்கையோடு போகிற அண்ணன் உண்டா?

ஆனால் அவனுக்கு ஒரு பழைய வருத்தம். அவள் கல்யாணத்துக்கு மல்லிகை மணத்தை அள்ளிக்கொண்டு போனான். பாதி வழியிலேயே தீர்ந்துபோயிற்று. கையை வீசிக்கொண்டு போய் நின்றவனைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டு மீன்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்டது. இந்த முறை கெட்டுப்போகாத பொருளாகப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

நம் பக்கத்தில் செங்கமலம் என்பவள் கத்தரிச் செடிக்குப் பூச்சிமருந்து தூவிக்கொண்டிருந்தாள். அவளிடம் விஷயத்தைச் சொன்னான். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"இதக் கொண்டு போங்கண்ணே. வெயிலுக்கும் அசையாது, மழைக்கும் அசையாது. எத்தன வருசமானாலும் கெடாது."

அது என்ன, எதற்கு என்றெல்லாம் அவன் கேட்கவில்லை. கைகொள்ளாமல் அள்ளிக்கொண்டு பறந்தான். பனிக்கடலை எட்டியதும் குளிரில் கை விறைத்து, சீர் மொத்தமும் தண்ணீரில் கொட்டியது.

அண்ணன் சீரை வேண்டாமென்று சொல்லலாமா? வெள்ளையம்மாள் ஒரு துளி விடாமல் விழுங்கினாள். அந்தக் கடலில் நல்லதையெல்லாம் கொழுப்பில்தான் பத்திரப்படுத்துவார்கள். அவளும் அங்கேயே வைத்தாள்.

முட்டைகளுக்கும் ஊட்டம் அந்தக் கொழுப்பிலிருந்துதான். பொரிந்து வந்த குஞ்சுகள் துள்ளித் திரிந்தன. ஆனால் சில மட்டும் நேராக நீந்தத் தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தன. பாவம், சொல்லவே மனசு வரவில்லை. சீராக வந்த மருந்துதான் காரணம் என்று புரிந்ததும், அதை வெளியே தள்ள அவள் பட்டினி கூடக் கிடந்து பார்த்தாள். உடம்புதான் இளைத்தது, மருந்து இளைக்கவில்லை.

அடுத்த சினைக்குக் காற்று வந்தபோது அவள் கோபித்துக்கொள்ளவில்லை. நடந்ததைச் சொல்லி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இனிமே வெறுங்கையோட வாங்கண்ணே. நீங்க வந்தாலே எனக்குச் சீருதான்."

காற்று வெட்கத்தோடு தலையாட்டினான். திரும்பி வந்து செங்கமலத்திடம் சொன்னான். அவளும் பதறிப்போய் டப்பாவை மூடிவிட்டாள். ஆனால் உலகத்தில் ஒரே டப்பாவா இருக்கிறது? போகும் வழியெல்லாம் யாராவது அவன் கையில் எதையாவது திணிக்கிறார்கள்.

அன்று முதல்தான், பூச்சியும் இல்லாத, கத்தரிச் செடியும் இல்லாத பனிக்கடல் மீனின் கொழுப்பில் நம் தோட்டத்து மருந்து இருக்கிறது. வெறுங்கையோடு வா என்று தங்கை கூப்பிட்ட அண்ணனை இன்னும் நாம்தான் சீரோடு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.