படத்தின் பின்பக்கம்

"அம்மா, அழாமல் இருக்க ஏதாவது மந்திரம் உண்டா?"

கேட்கும்போதே உலகநாதனுக்கு அழுகை வந்துவிட்டது.

தாமிரபரணிக் கரையிலிருந்த அந்தச் சின்ன மடத்துக்குத் தலைவி ஞானாம்பிகை அம்மா. சீடர் உலகநாதனைவிட வயதில் இளையவர். அதனால் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"யாருக்காக அழுகிறீர்கள், அண்ணாச்சி?"

மனைவி பேச்சியம்மாளுக்காக என்றார். ரத்தப் புற்றுநோய். மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. பிழைப்பாள் என்றும் டாக்டர் சொல்லவில்லை, மாட்டாள் என்றும் சொல்லவில்லை. உலகநாதன் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. பார்க்க வருகிறவர்களோடு சேர்ந்து அழுதார். அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு மறுபடி அழுதார்.

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குக் கிளம்பினார்.

பேச்சியம்மாள் கட்டிலில் படுத்திருந்தாள். முடி கொட்டிய தலையில் துண்டு கட்டியிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவளிடம் நிறையக் குறைகள் இருந்தன.

வருகிறவர்கள் பெருமூச்சு விடுகிறார்களே தவிர, ஊர்க்கதை ஒன்றும் சொல்வதில்லையாம். தூங்கினால், மூச்சு வருகிறதா என்று இவர் மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறாராம். நேற்று அந்த விரலைக் கடித்துவிட்டாளாம்.

பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"பீரோவுக்குப் பின்னால என் படத்தைப் பெரிசாப் போட்டு, சட்டம் மாட்டி வச்சிருக்காக. எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு."

உலகநாதன் மின்விசிறியைப் பார்த்தார்.

"அதுகூடப் பரவாயில்ல. இருக்கிறதுலயே மூக்கு விடைச்ச படமாப் பார்த்து எடுத்திருக்காக."

"கொண்டு வாருங்கள், அண்ணாச்சி" என்றார் அம்மா.

கொண்டு வந்தார். ஸ்டுடியோக்காரர் எப்போதும் தாமதம் செய்கிறவர், அதனால்தான் முன்கூட்டியே, என்று ஏதோ சொல்லத் தொடங்கி நடுவில் விட்டுவிட்டார்.

அம்மா படத்தை நன்றாகப் பார்த்தார்.

"மூக்கு சரியில்லைதான்."

படத்தைக் கட்டிலில் குப்புறப் போட்டார். பின்பக்கத்து அட்டையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு கிழித்தார். குறுக்கே சில, நெடுக்கே சில. தாயக்கட்டம்.

"தாயக்கட்டை அரிசிப் பானைக்குப் பின்னால இருக்கு" என்றாள் பேச்சியம்மாள், யாரும் கேட்காமலே.

புளியங்கொட்டை அவளுக்கு. உடைந்த வளையல் துண்டு அவருக்கு.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய காய் அவர் வெட்டுவதற்கு வாகாக வந்து நின்றது. உலகநாதன் அதை விட்டுவிட்டு வேறு காயை நகர்த்தப் போனார்.

"வெட்டுங்க."

அவர் வளையல் துண்டைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"நான் இன்னும் ஆட்டத்துலதான் இருக்கேன். வெட்டப் போறீகளா, இல்லையா?"

வெட்டினார். அவள் அவருடைய வம்சத்தையே திட்டினாள்.

அடுத்த உருட்டில் பேச்சியம்மாளின் முழங்கை தாயக்கட்டையைத் தட்டித் திருப்பியது. அவர் பார்த்துவிட்டார். பல மாதங்களுக்குப் பிறகு அவருக்குக் கோபம் வந்தது. கள்ளாட்டம் என்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பாருங்கள் என்றாள். சத்தம் தெருவுக்குக் கேட்டது.

அம்மா எழுந்து போனதை இருவருமே கவனிக்கவில்லை.

மாத்திரை வேளை வந்தது. பேச்சியம்மாளுக்குக் களைப்பு. படுத்துக்கொண்டாள். உலகநாதன் காய்களை அள்ளக் கையை நீட்டினார்.

"தொடாதீக" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "காய் இருந்த இடத்துலயே இருக்கட்டும். நாளைக்கு முதல் உருட்டு என்னுது."