பாறை வீட்டுக் குழாய்

"ஏங்க, எழுந்திருங்க! சுவர் கசியுது!"

முள்ளம்பன்றி மருதாயி தன் புருஷன் சிலுப்பனை மூக்கால் இடித்து எழுப்பியது. சிலுப்பன் முட்களைக் கலகலவென்று உதறிக்கொண்டு எழுந்தது. காலடியில் சேறு. உள்ளறையில் பிறந்து நான்கு நாளே ஆன இரண்டு குட்டிகள். முட்கள்கூட இன்னும் சரியாக விறைக்கவில்லை. படுத்திருந்த புல் நனைந்து, இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன.

வெளியே மூன்றாவது நாளாக மழை.

"வாசல் வழியாத்தான் வருது. அடைச்சுடலாம்!" என்று சிலுப்பன் மண்ணை வாரி வாரி வாசலில் கொட்டியது.

"வாசல் காஞ்சு கிடக்குங்க! தண்ணி சுவருக்குள்ளேருந்து வருது. முதல்ல குட்டிகளை வெளியே கொண்டுபோயிடலாம்!"

"வீடு இருக்கும்போது எதுக்கு மழையில நிக்கணும்? நீ சும்மா இரு!"

அது ஒரு சாய்ந்த பாறையின் கீழே தோண்டிய வளை. பாறைதான் கூரை. முன்பெல்லாம் பாறையில் விழுந்த மழை அப்படியே வாசலில் கொட்டும். போன மாதம்தான் பெருச்சாளி குழிவேலு வந்து ஒரு குழாய் போட்டுக் கொடுத்தது. தண்ணீரைப் பிடிக்கப் பாறை விளிம்பில் பிளந்த மூங்கில். அதைக் கீழே இறக்கச் சுவரோரமாக, உள்கணுக்களைக் குத்தித் துளையாக்கிய மூங்கில். நல்ல குழாய். "எங்க வாசல்ல ஒரு சொட்டு விழாது, தெரியுமா!" என்று சிலுப்பன் காடு முழுக்கப் பீற்றிக்கொண்டது.

வாசலை அடைத்தும் கசிவு நிற்கவில்லை. சிலுப்பன் தான் கொட்டிய மண்ணைத் தானே மிதித்துக்கொண்டு வெளியே ஓடியது. பாறையில் விரிசலோ என்று மேலே ஏறிப் பார்த்தது. விரிசல் இல்லை. இறங்கியது. குழாயடியில் பெரிய குட்டை ஒன்று தேங்கி நின்றது. அதில் ஒரு தவளை சுகமாக மிதந்தது.

"ஏய்! நீதானா என் வீட்டுக்குள்ள தண்ணி விடுறது?"

"நல்லா இருக்கே கதை! இங்க குளம் இருந்துது, வந்தேன். குளம் வச்சிருக்கிறது நீ. முட்டை போடலாமான்னு நானே யோசிச்சிட்டிருக்கேன்."

"வாயை மூடு!"

"மூடுறேன். நீ காதைத் திற. உன் சுவர் தண்ணி குடிக்கிற சத்தம் கேக்குதா?"

கேட்டது. குட்டைத் தண்ணீர் மண்ணுக்குள் சளசளவென்று இறங்கிக்கொண்டிருந்தது.

சிலுப்பன் வாசலுக்குப் பாய்வதற்குள் உள்ளறைச் சுவர் சரிந்தது. மருதாயி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு வெளியே வந்து விழுந்தது. இன்னொரு குட்டி உள்ளே மாட்டிக்கொண்டது.

மருதாயி போட்ட கூச்சலில் குழிவேலு ஓடி வந்தது. மடமடவென்று பக்கத்தில் வாய்க்கால் பறித்துக் குட்டையை வடித்தது. பிறகு சேற்றுக்குள் தலையைக் கொடுத்துத் தோண்டியது. சிலுப்பன் நிற்க முடியாமல் சுற்றிச் சுற்றி வந்தது.

"இங்க தோண்டு! இல்ல, அங்க! அய்யோ, சீக்கிரம்!"

"தள்ளி நில்லு மாப்ளே! உன் முள்ளு என் கண்ணுல குத்துது!"

கடைசியில் சேற்றுக்குள்ளிருந்து ஒரு சின்ன மூக்கு தெரிந்தது. அப்புறம் ஒரு தும்மல். குட்டி பிழைத்துக்கொண்டது. வீடு பிழைக்கவில்லை. மிச்சமிருந்த மண்ணும் அவர்கள் கண்ணெதிரே உட்கார்ந்துவிட்டது.

குழிவேலு மூச்சு வாங்கிக்கொண்டே குழாயின் அடிமுனையைப் பார்த்தது.

"இதோட சேர்த்துத் தரையில ஒரு நீள மூங்கில் படுக்க வச்சேனே. அது எங்க?"

"அதுவா... மழை அடிச்சிட்டுப் போயிடுச்சு."

"மழைக்கு இவ்வளவு பெரிய பல்லா?"

குழாய் முனை முழுக்கக் கடித்த தடம். மருதாயி திரும்பிப் பார்த்தது. சிலுப்பன் தலையைக் குனிந்துகொண்டது.

"பல்லு வளர்ந்து அரிச்சுது. அது கால்ல வேற தட்டிக்கிட்டே இருந்துது. தண்ணிதான் கீழ இறங்கிடுச்சே, இனி அது எதுக்குன்னு..."

"எதுக்குன்னு நான் சொல்லலை?"

சொல்லியிருந்தது. மூன்று தடவை சொல்லியிருந்தது. "குழாய்த் தண்ணி வீட்டடியில விழக்கூடாது மாப்ளே. இந்த மூங்கில்தான் அதைப் பத்தடி தள்ளி ஓடையில விடும். இதை மட்டும் தொடாதே. பல்லு அரிச்சா வேற மூங்கில் கடி, காட்டுல மூங்கிலுக்கா பஞ்சம்?" சிலுப்பன் நன்றாகத் தலையாட்டியது. அன்று சாயங்காலமே அந்த மூங்கிலைக் கடிக்க ஆரம்பித்தது.

கூரைத் தண்ணீரைக் கீழே இறக்கினால் மட்டும் போதாது, வீட்டை விட்டுத் தள்ளிக் கொண்டுபோய் விட வேண்டும்; செய்து வைத்த வேலையில் கால் பங்கைக் கெடுத்தாலும் முழு வீடும் போகும்.